ஸ்பிரிங் கம்பியில் விழுந்த தேய்மானம்

ஜெபமணி என்ற பெண்ணின் வேலை என்னால் போயிற்று. அவர் சுமந்த பழி என்னுடையது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அதை அங்கேயே நீக்கியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

துப்பாக்கி பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் என் அனுபவங்களைச் சொல்லும்படி கேட்டார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளச் சில சங்கதிகள் என்னிடமும் உண்டு. அவற்றை முதலில் எடுத்தால் இதைச் சொல்லாமலே பேச்சை முடித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் லைசென்ஸ் வாங்கி நடத்திய துப்பாக்கிக் கடை ஒன்றில் நான் மெக்கானிக். மதுரையில் பௌதிகம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் என்பதால் முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் பி.எஸ்சி." என்பார். ஜெபமணி கடையின் கணக்கையும் இருப்பறைச் சாவியையும் பார்த்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர். காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. செல்வின் என்று ஒரு தம்பி. அவனை வளர்த்து ஆளாக்கியது அவர் சம்பளம்தான்.

எங்களிடம் வந்த வேலையெல்லாம் பெரும்பாலும் தோட்டக்காரர்களுடையது. செண்பகத்தோப்புப் பக்கமும் கூமாப்பட்டிப் பக்கமும் பன்றி விரட்ட வைத்திருந்த பழைய ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள். தாத்தா காலத்துத் துப்பாக்கியைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவது போலத் தூக்கி வருவார்கள். குழலில் விரிசல் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். "இத இனிமே சுடாதீங்க. பன்றி தப்பிச்சிரும், நீங்க தப்பிக்க மாட்டீங்க" என்று ஒருமுறை ஒருவரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு போய், மறு வாரம் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். இப்படித்தான் 'பி.எஸ்சி. சொன்னா சரியா இருக்கும்' என்று ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை நன்றாக ஞாபகத்தில் வையுங்கள். அது இல்லாதிருந்தால் நான் செய்த தீங்கு இவ்வளவு பெரிதாக ஆகியிருக்காது.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்காரர்கள் தங்கள் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்திலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திருப்பித் தருவோம். அந்தச் சமயத்தில் எங்கள் இருப்பறை விறகுக் கடை போல இருக்கும். ஒவ்வொன்றிலும் அட்டை கட்டித் தொங்கவிட்டுச் சுவரோரமாகச் சாத்தி வைப்போம்.

அப்படி வந்த ஒரு தேர்தலின்போது, வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த மில்காரர் ஒருவர் தன் புதுப் பிஸ்டலைக் கொண்டுவந்தார். முறையாக அனுமதி வாங்கிக் கொண்டுவந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. அப்படி ஒன்றை நான் அதுவரை கையில் எடுத்ததில்லை.

"இதுல இன்னும் ஒரு ரவுண்டு கூடச் சுடல. பத்திரம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுடும்போது பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் உதைத்துப் போகும். அதைத் திரும்ப முன்னால் தள்ள ஒரு ஸ்பிரிங் உண்டு. பெரிய பிஸ்டலில் அது நீளமாக இருக்கும். இதில் இடம் இல்லாததால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகளை ஒரு சின்னக் கம்பியில் கோத்திருந்தார்கள். இவ்வளவு குட்டி இடத்தில் அவ்வளவு விசையை எப்படி அடக்கினார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத ஒன்றைச் சும்மா விடுகிற புத்தி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என் கைகள் சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தால் டிக்கெட்டை எட்டாக மடிப்பேன்.

மத்தியானம் முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போவார். ஜெபமணி தெருமுனையில் இருந்த சித்தி வீட்டுக்குப் போவார். இருப்பறைச் சாவி அவர் கையைவிட்டுப் போகக் கூடாது என்பது கடை விதி. நான் வேலைக்கு எடுத்த துப்பாக்கிகளும் அந்த அறையில்தான் இருந்தன. அதனால் எனக்கு ஒத்தாசையாகச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

"சார், சாவி இருக்கு. மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. என்னையக் கட்டி வச்சு ஏசுவாரு."

அவர் தெருமுனை திரும்பியதும் நான் அந்தப் பிஸ்டலை எடுப்பேன். தோட்டா இல்லாத வெறும் பிஸ்டல்தான். மேல்பாகத்தை இழுப்பேன், விடுவேன். அது திரும்பி அடிக்கிற சத்தத்தைக் கேட்பேன். மறுபடி இழுப்பேன். கழற்றிப் பார்ப்பேன், பூட்டுவேன். முதல் நாள் தெரிந்துகொள்ளத்தான் எடுத்தேன். பிறகு தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லாதபோதும் எடுத்தேன். வெற்றிலை போடுகிறவருக்கு வாய் கேட்பது போல மத்தியானம் ஆனால் என் கை கேட்டது. தேர்தல் முடிகிறவரை ஒரு நாள் விடாமல் இழுத்தேன். அது அடுத்தவர் பொருள், நம்மை நம்பி வைத்தது என்ற நினைப்பு வராமல் இல்லை. சுடவில்லையே, சும்மா இழுக்கத்தானே செய்கிறோம் என்று அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன்.

தேர்தல் முடிந்து எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மில்காரர் வந்தார். பிஸ்டலை வாங்கினார். மேல்பாகத்தை ஒருமுறை இழுத்தார். நின்றார். மறுபடி இழுத்தார்.

"குடுக்கும்போது இத இழுக்கவே கை வலிச்சிது. இப்ப வெண்ணெய் மாதிரி வருதே."

அங்கேயே கழற்றினார். கம்பியின் கறுப்பு மெருகு ஒரு பக்கமாகத் தேய்ந்து, வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஸ்பிரிங்கின் நுனி பட்ட இடத்தில் விளிம்பு மழுங்கிப் பொடியாகச் சிம்பு எழும்பியிருந்தது. பிஸ்டலின் ஆயுளில் அது ஒரு பொருட்டே இல்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் போய்விடும். ஆனால் ஒரு ரவுண்டு கூடச் சுடாத பிஸ்டலில் அது இருக்கக் கூடாது.

"யாரோ இத எடுத்துச் சுட்டிருக்காங்க" என்றார் மில்காரர்.

முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தத் தேர்தலில் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கூட்டத்தில் கைகலப்பு நடந்தபோது துப்பாக்கி வெடித்த சத்தம் கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு இருந்தது. வேட்டுச் சத்தம்தான் என்று சிலர் சொன்னார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் பேச்சு ஓயவில்லை. எங்கள் இருப்பறையிலிருந்து பிஸ்டல் வெளியே போனது என்று தெரிந்தால் கடை லைசென்ஸ் போய்விடும். முதலாளியை உள்ளே வைத்தாலும் ஆச்சரியமில்லை.

"ஏய் பி.எஸ்சி., நீ பாத்துச் சொல்லு. இது சுட்டதுல வந்த தேய்மானமா, இல்லையா?"

கம்பியை வாங்கி ஜன்னல் பக்கம் போனேன். லென்ஸை வைத்துப் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கோட்டைப் போட்டவன் நான். சுட்டிருந்தால் வேறு இடங்களிலும் தடம் இருக்க வேண்டும், அவை இல்லை என்று காட்டி, 'இது சுட்ட பிஸ்டல் இல்லை' என்று அந்த நிமிடமே நிரூபித்திருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் இது எப்படித் தேய்ந்தது? அந்தக் கேள்வி வராமலிருக்க என்ன சொல்லலாம் என்றுதான் ஜன்னலோரம் நின்று யோசித்தேன். அவர்கள் நான் ஆராய்கிறேன் என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

"உறுதியாச் சொல்ல முடியாது மொதலாளி. சுட்டும் இருக்கலாம்."

மில்காரர் மேஜையைத் தட்டினார். "பாத்தீகளா? அவரே சொல்லுதாரு."

முதலாளி ஜெபமணி பக்கம் திரும்பினார். "சாவி யார்கிட்ட தாயி இருந்துச்சு?"

"எங்கிட்டதான். ராத்திரி வீட்டுக்குக் கொண்டு போறதும் நாந்தான். மத்தியானம் மட்டும் சார்கிட்ட வச்சிட்டுப் போவேன்."

"அப்படியா பி.எஸ்சி.?"

"எப்பவாவது உண்டு" என்றேன்.

ஜெபமணி என்னைப் பார்த்தார். "எப்பவாவதா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மில்காரர் விடவில்லை. "இந்தப் பிள்ளையோட தம்பிதான தேர்தலுக்குக் கொடி பிடிச்சிட்டு அலைஞ்சான்? வீட்டுக்குச் சாவி போயிருக்கு. வேற என்ன வேணும்?"

"என் தம்பி கொடிதான் பிடிச்சான். துப்பாக்கி பிடிக்கல" என்றார் ஜெபமணி. குரல் உடையாமல்தான் சொன்னார்.

அதன் பிறகு பேசியதெல்லாம் பேரம்தான். போலீசுக்குப் போனால் எல்லாருக்கும் வம்பு. மில்காரருக்கும் பிஸ்டல் திரும்பக் கிடைக்காது. சாவி வைத்திருந்தவரை அனுப்பிவிடுவது, விஷயத்தை இதோடு விடுவது என்று முடிவாயிற்று. முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமல், "நாளைலேர்ந்து வராத தாயி" என்றார். ஜெபமணி கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். நான் அந்தக் கம்பியைத் தேய்த்து, மெருகு போட்டு, பூட்டிக் கொடுத்தேன். மில்காரர் இழுத்துப் பார்த்து, "சோக்கா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்ன இரண்டு பதில்களையும் கவனியுங்கள். 'சொல்ல முடியாது', 'எப்பவாவது.' இரண்டும் கேட்பதற்கு நிதானமான, படித்தவன் பேச்சாக இருக்கின்றன. ஒருவர் உங்களிடம் ஓர் உதிரிப் பாகத்தைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கும்போது, அந்த அறையில் அதைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் எதைச் சொன்னாலும் மறுக்க ஆள் இல்லை. பொய் சொல்லாதே என்று எல்லாரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி தள்ளி வைப்பதும் நம் தொழிலில் பொய்தான். அதைப் பிடிக்க எவராலும் முடியாது என்பதால் இன்னும் மோசமான பொய்.

ஜெபமணி மில் ஆபீஸ் ஒன்றில் வேலை கேட்டார், மருந்துக் கடையில் கேட்டார். 'துப்பாக்கிக் கடைச் சாவிய வெளிய குடுத்த பிள்ள' என்று அவருக்கு முன்னால் பேச்சு போய் நின்றது. எங்கும் எடுக்கவில்லை. நான் காலை பஸ்ஸை மாற்றிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிப் போவேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாளைக்குச் சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றும். அடுத்த நாள் அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். இப்படியே வருஷங்கள் போயின. தூக்கம் சரியில்லை. வேலையில் மட்டும் கை முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. எனக்குப் பெயரும் கூடிக்கொண்டேதான் போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் இன்னொரு தேர்தல். முதலாளிக்கு வயதாகிச் சர்க்கரை வியாதியும் வந்திருந்தது. சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு, மத்தியானம் வீட்டுக்குப் போகாமல் இருப்பறை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு நாள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "யாரையும் நம்ப முடியல பி.எஸ்சி. உன்னத் தவிர" என்றார்.

அவர் எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. முழுவதும் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"அந்தப் பிள்ள எனக்கு எம்புட்டு நேர்மையா இருந்துச்சு தெரியுமா?" என்றார். பிறகு, "நாளைலேர்ந்து வராத" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மில்காரரைப் போய்ப் பார்த்தேன். "அந்தப் பிஸ்டலா? அத வித்து எம்புட்டு நாளாச்சு. போங்க சார், சின்ன விஷயம்" என்று சிரித்தார். அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று அவர் வாயால் நான்கு பேரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "நான் இப்பப் போயி யார்கிட்ட அதப் பேச? யாருக்கும் ஞாபகமே இருக்காது" என்றார். சரி என்று நானே தெரிந்த கடைகளில், டீ குடிக்கிற இடங்களில் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார்கள். பழி பரவிய வேகத்தில் கால்வாசி கூட இது பரவவில்லை.

ஜெபமணியிடம் கடைசியாகத்தான் போனேன். முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும். அவர் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் காலேஜ் பஸ்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருந்தார். முன் நெற்றி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், போன் பேசணுமா?" என்றார்.

பையன்கள் போகும்வரை நின்று, பிறகு சொன்னேன். மத்தியானம் அவர் வைத்துவிட்டுப் போன சாவி, நான் இழுத்துப் பார்த்தது, கம்பி தேய்ந்தது, ஜன்னலோரம் நான் யோசித்தது எல்லாம். மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அப்ப அதுல யாரும் சுடவே இல்லையா?"

"இல்லம்மா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"எனக்கு வேலை போனது பெருசில்ல சார். நான் என் தம்பியச் சந்தேகப்பட்டேன்" என்றார். "நீங்க தோட்டக்காரங்களுக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லுத ஆளு. உங்க வாயில சுட்டிருக்கலாம்னு வந்தா, சுட்டிருக்குன்னுதான நான் எடுத்துக்கிடுவேன்? ராத்திரி சாவி என் பையில இருக்கும். வீட்டுல இருந்தது அவன் ஒருத்தன்தான். எடுத்தியான்னு கேட்டேன். இல்லக்கான்னான். பைபிள் மேல கை வைக்கச் சொன்னேன். வச்சான். அதையும் நான் நம்பல."

"இப்ப எங்க இருக்கான்?"

"திருப்பூர்ல. அன்னைக்குப் போனவன்தான். கிறிஸ்துமஸுக்குக் கூட வாரதில்ல."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"எங்கிட்டச் சொன்னத அவங்கிட்டச் சொல்லுங்க. நானும் வாரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் இரண்டு வரிசை பின்னால். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தியபோது எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். அதை வாங்கிக் குடிக்க என் கை தயங்கியது. "குடிங்க சார், ஆறிரும்" என்றார்.

செல்வின் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவைத் திறந்து அக்காவைப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டான். எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் நின்றுகொண்டே சொன்னேன். எதையும் விடவில்லை. எனக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நான் முடித்ததும் அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்தான்.

"பைபிள் மேல வச்ச என் கைய நம்பல. இவர் வாய நம்பி பஸ் ஏறி வந்திருக்க."

ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"இவர் வந்து சொல்லலேன்னா சாவுற வரைக்கும் நான் திருடன். அப்படித்தானக்கா?"

"ஆமாலே" என்றார் ஜெபமணி. "அப்படித்தான் நினைச்சேன். ஒன்ன நம்பல. நான்தான் நம்பல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழியை நீக்க வந்தவன் என்று என்னை நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். தவறே செய்யாத அந்தப் பெண்ணைத் தம்பி முன்னால் குற்றவாளியாக நிறுத்தியதுதான் மிச்சம். இதுவும் என் கைவேலைதான். ஒரு தப்பைத் தாமதமாகச் சரி செய்யப் போனால் அது நாம் விட்ட இடத்தில் காத்திருப்பதில்லை. அதற்குள் வேறு வீடுகளுக்குள் போய்விட்டிருக்கும்.

செல்வின் வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். முதலில் எனக்குத்தான் கொடுத்தான்.

"சார், நீங்க பொறப்படுங்க. இப்பப் போனா மதுரை பஸ் கிடைக்கும்."

"அக்கா?"

"அவ இருக்கட்டும்" என்றான். "எங்களுக்குள்ள பேச வேண்டியது கெடக்கு."

ஜெபமணி தலையை நிமிர்த்தவில்லை. நான் வணக்கம் சொன்னதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. தனியாகத் திரும்பினேன்.

புதன்கிழமை இருப்புக் கொள்ளாமல் கிருஷ்ணன்கோவிலில் போய் இறங்கினேன். கடை பூட்டியிருந்தது. காலேஜ் பையன்கள் நோட்டுக் கட்டுகளோடு வாசலில் நின்று சலித்துக்கொண்டார்கள். "திங்கக்கிழமையிலேர்ந்து அக்காவக் காணோம்" என்றான் ஒருவன். வெள்ளிக்கிழமையும் போனேன். அன்றும் திறக்கவில்லை. அக்காவும் தம்பியும் அந்த ஒற்றை அறையில் சண்டை போடுகிறார்களோ, பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் பூட்டு தொங்குகிறவரை அவர் தம்பியோடுதான் இருக்கிறார். அது இன்னும் சில நாள் அப்படியே தொங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.